இஎன்பி3எஸ்0 யார் வைத்த பெயர்? லினக்ஸில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸின் பெயரை மாற்றுவது

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்தில், விண்ணப்பம் போட்டுத் தரும் ஆன்லைன் கடைகளில் ஒரே கம்ப்யூட்டருக்கு மூன்று வழியில் நெட் வருவது சாதாரணம். மதர்போர்டில் உள்ள லேன் போர்ட்டில் ஃபைபர் இணைப்பு. யுஎஸ்பியில் செருகிய லேன் டாங்கிள் வழியாகக் கடையின் மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் போகும் சுவிட்ச். ஃபைபர் அறுந்தால் கைகொடுக்க, பொள்ளாச்சிப் பக்கத்து டவரைப் பிடிக்கும் ஒரு போன். 2023 ஜூன் 5 அன்று கேரள அரசின் ஃபைபர் இணையத் திட்டமான கே-ஃபான் தொடங்கிய பிறகும் இந்த இரட்டை ஏற்பாட்டைக் கடைக்காரர்கள் விடவில்லை; விண்ணப்பத்துக்குக் கடைசி நாளில் நெட் போனால் யார் பதில் சொல்வது?

இதே பகுதியில் லினக்ஸுக்கும் பஞ்சமில்லை. கேரள அரசுப் பள்ளிகளின் கணினி அறைகளில் ஓடுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் குனு/லினக்ஸ். தமிழ்வழிப் பள்ளிகளிலும் அதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸ், டெபியன் வழி வந்தது. இவற்றில் எதைத் திறந்து நெட்வொர்க் பட்டியலைப் பார்த்தாலும் கண்ணில் படுவது இஎன்பி3எஸ்0, டபிள்யூஎல்பி2எஸ்0, இஎன்எக்ஸ்001122334455 போன்ற இன்டர்ஃபேஸ் பெயர்கள், அதாவது நெட் வரும் ஒவ்வொரு வழிக்கும் கம்ப்யூட்டர் வைத்த பெயர்கள். எது ஃபைபர், எது சுவிட்ச், எது போன் என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஃபைபர்0, லேன்0, போன்0 என்று மாற்றிக்கொள்ள ஆசை வருவது இங்கேதான்.

மாற்றுவது சுலபம், நான்கு வரியுள்ள ஒரு ஃபைல் போதும். பழைய பெயரை நம்பிக்கொண்டிருக்கும் மற்ற அமைப்புகளைத் தேடித் திருத்துவதுதான் வேலை. தொடங்கும் முன் ஒரு குறிப்பு: இங்கே கட்டளைகள் ஒலிப்படி தமிழில் உள்ளன. கீபோர்டில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடம் தனியாகச் சொல்லப்பட்டுள்ளது. ஆங்கில எழுத்துகளின் பெயர்களாக வரும் இடத்தில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து.

பெயர் எங்கிருந்து வருகிறது

கம்ப்யூட்டர் எழும்போது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஒவ்வொரு லேன் கார்டையும் கண்ட வரிசையில் இடிஎச்0, இடிஎச்1 என்று பெயரிடும், வைஃபைக்கு டபிள்யூலேன்0. ஒரே கார்டு இருந்தால் சிக்கல் இல்லை. இரண்டு இருந்தால், டிரைவர்கள் ஒரே நேரத்தில் ஏறுவதால் நேற்று இடிஎச்0 ஆக இருந்தது இன்று இடிஎச்1 ஆகலாம். உள்ளே போக வேண்டிய கேபிளும் வெளியே போக வேண்டிய கேபிளும் இடம் மாறிய மாதிரி ஃபயர்வால் நடந்துகொள்ளும்.

இதைத் தீர்க்க, கம்ப்யூட்டர் எழும்போது சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளின் 2013 ஜனவரியில் வந்த 197ஆம் பதிப்பு, கார்டு உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடத் தொடங்கியது. டெபியனில் 9ஆம் பதிப்பு முதல் புதிதாக நிறுவும் எல்லாவற்றுக்கும் இதுதான் வழக்கம். பெயர் மாற்றும் வேலையைச் செய்வது அதன் ஒரு பகுதியான யூடெவ். கர்னல் இடிஎச்0 என்று பெற்றெடுக்கும்; அடுத்த கணம் யூடெவ் அதை இஎன்பி3எஸ்0 என்று மாற்றிவிடும். சூடோ டிஎம்இஎஸ்ஜி | கிரெப் ரீநேம்ட் என்று தட்டினால் அந்த வரியையே பார்க்கலாம்: ஆர்8169 டிரைவர், 0000:03:00.0 என்ற முகவரி, "இடிஎச்0 இலிருந்து பெயர் மாற்றப்பட்டது" என்ற செய்தி.

அந்தப் பெயரைப் பிரித்துப் படிக்கலாம். இஎன் என்றால் கம்பிவழி ஈதர்நெட், டபிள்யூஎல் என்றால் வைஃபை, டபிள்யூடபிள்யூ என்றால் சிம் போடும் மோடம். அதன் பின் ஓ வந்தால் மதர்போர்டிலேயே உள்ள கார்டுக்கு பயாஸ் தந்த எண். எஸ் வந்தால் ஸ்லாட் எண். பி3எஸ்0 என்றால் பிசிஐ பஸ் 3, ஸ்லாட் 0. எக்ஸ் வந்தால் அதன் பின்னால் இருப்பது மேக் முகவரியின், அதாவது கார்டின் அடையாள எண்ணின் 12 எழுத்துகள். பஸ் எண்ணில் பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு: கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை அதைப் பதினாறடிமான எண்ணாகக் காட்டும், பெயரில் அது சாதாரணப் பத்தடிமான எண்ணாக இருக்கும். எல்எஸ்பிசிஐ 0ஏ:00.0 என்று காட்டும் கார்டின் பெயர் இஎன்பி10எஸ்0.

இவற்றுக்கு நிலையான பெயர்கள் என்ற புகழ் உண்டு. முழு உண்மை இல்லை. கோவையில் வாங்கிய பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டையோ என்விஎம்இ எஸ்எஸ்டியையோ செருகினால், பிசிஐ பஸ் எண்கள் நகர்ந்து இஎன்பி3எஸ்0 அடுத்த பூட்டில் இஎன்பி4எஸ்0 ஆகிவிடும். லேன் கார்டைத் தொடவே இல்லை, ஆனாலும் நெட் வராது. எஸ்எஸ்டி மாற்றிய பிறகு "லேன் போர்ட் செத்துவிட்டது" என்று வரும் புகார்களில் இதையும் ஒரு முறை சந்தேகிப்பது நல்லது.

மாற்றத்தான் வேண்டுமா

ஒரே லேன் போர்ட், டெஸ்க்டாப் உபுண்டு, தானாக ஐபி வாங்கும் இணைப்பு என்றால் வேண்டாம். பெயர் அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கை வைப்பதில் பலன் இல்லை.

இரண்டு கார்டுகளுக்கு மேல் வைத்து ஒரு கம்ப்யூட்டரை ரவுட்டராக ஓட்டினால் மாற்றுவது நல்லது. யுஎஸ்பி டாங்கிளின் மேல் விலேன் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் ஏற்பாடு) போட வேண்டியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். கர்னலில் ஒரு பெயருக்கு ஒதுக்கிய இடம் 16 பைட். கடைசி பைட் முடிவுக் குறிக்குப் போக, மிச்சம் 15. இஎன்எக்ஸ் என்ற மூன்று எழுத்தும் மேக் முகவரியின் 12 எழுத்தும் சேர்ந்து சரியாக 15. அதன் பின்னால் வழக்கம்போல .10 என்று விலேன் எண்ணைச் சேர்க்க இடமே இல்லை. பெயர் செல்லாது என்ற பிழைதான் வரும்.

இன்னொரு காரணம், சில பழைய வணிக மென்பொருள்கள் உரிமத்தைச் சரிபார்க்க இடிஎச்0 என்ற பெயரையே தேடுவது. அதற்குத் தனி வழி இருக்கிறது, பின்னால் வரும்.

பார்க்க வசதியாக இருந்தால் மட்டும் போதும் என்பவர்களுக்குப் பெயரையே மாற்றாத வழியும் உண்டு. கர்னல் 5.5 முதல் ஒரு இன்டர்ஃபேஸுக்கு மாற்றுப் பெயர் சேர்க்கலாம். வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதி வைப்பது மாதிரி.

சூடோ ஐபி லிங்க் ப்ராபர்ட்டி ஆட் டெவ் இஎன்பி3எஸ்0 ஆல்ட்நேம் ஃபைபர்-இணைப்பு

கடைசிச் சொல்லில் உங்கள் விருப்பப் பெயர். இதற்கு 15 எழுத்து வரம்பு கிடையாது. 127 வரை போகலாம். ஐபி கட்டளைகளில் இரண்டு பெயரும் செல்லும். ஃபயர்வால் விதியிலோ, மற்ற கம்ப்யூட்டர்களுக்கு ஐபி வழங்கும் டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பிலோ செல்லும் என்று நம்ப வேண்டாம். அவை பார்ப்பது அசல் பெயரைத்தான். கட்டளையாகத் தட்டியது ரீபூட்டில் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். உபுண்டு 22.04 கர்னலில் இது உண்டு, 18.04, 20.04 உடன் வந்த மூலக் கர்னல்களில் இல்லை.

என்ன பெயர் வைக்கலாம்

முதல் விதி: இடிஎச்0, டபிள்யூலேன்0 வேண்டாம். கர்னல் தானே கொடுக்கும் பெயர்கள் அவை. நீங்கள் டாங்கிளை இடிஎச்0 ஆக்கச் சொல்லியிருக்க, அதே நேரம் கர்னல் மதர்போர்டு கார்டுக்கு இடிஎச்0 கொடுத்திருக்கும். ஒரு பெயர் ஒருவருக்கே. யார் முந்துகிறார் என்பது ஒவ்வொரு பூட்டிலும் மாறும். தோற்றவர் பழைய பெயரிலேயே நின்றுவிடுவார். பத்து பூட்டில் ஒன்பது சரியாக வந்து, பத்தாவது முறை மின்வெட்டுக்குப் பிறகு சொதப்பும் வகைக் கோளாறு இது. கண்டுபிடிப்பது கஷ்டம்.

இடைவெளி, சாய்கோடு, முக்காற்புள்ளி இவற்றைக் கர்னலே ஏற்காது. புள்ளியை ஏற்கும், ஆனாலும் வைக்க வேண்டாம்: விலேன் பெயரோடும் கர்னலுக்கான சிஸ்சிடிஎல் அமைப்புகளோடும் குழம்பும். வெறும் எண்களால் ஆன பெயர், ஆல், டிஃபால்ட் ஆகியவற்றைச் சிஸ்டம்டி நிராகரிக்கும். தமிழ் எழுத்தில் பெயர் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு: கர்னலுக்கு அது வெறும் பைட்தான், ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வீதம் ஐந்து வரை கொள்ளும். ஆனால் சிஸ்டம்டி ஆங்கில எழுத்துத் தொகுதிக்கு வெளியே எதையும் ஏற்காது, ஆகவே நிரந்தரமாக நிற்காது.

நீளம் 10 எழுத்துக்குள் இருக்கட்டும். விலேன் எண் அதிகபட்சம் 4094. புள்ளியோடு சேர்த்து 5 எழுத்து. அதற்கும் இடம் விட்டாயிற்று. இந்தக் கட்டுரைக்கு ஃபைபர்0, லேன்0, போன்0 என்று வைத்துக்கொள்வோம்.

எது எந்த போர்ட்

ஐபி -பிஆர் லிங்க்

இந்தக் கட்டளை ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ஒரே வரியில் பெயர், நிலை, மேக் முகவரி மூன்றையும் தரும். எல்ஓ என்பது கம்ப்யூட்டர் தனக்குள் பேசும் வழி, அதைத் தொடக்கூடாது. ஒரு கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி கட்டளையைத் தட்டுங்கள். எதன் வரியில் நோ-கேரியர் என்று வருகிறதோ அதுதான் அந்தக் கேபிளின் போர்ட். போர்டில் இரண்டு சாக்கெட் உள்ள கம்ப்யூட்டரில் சூடோ இடிஹெச்டூல் -பி இஎன்பி3எஸ்0 10 என்று கொடுத்தால் பத்து விநாடி அந்த போர்ட்டின் விளக்கு மின்னும். எல்லாக் கார்டும் இதற்கு இணங்காது. இங்கே பி சிற்றெழுத்து. அதையே பெரிய எழுத்தாக்கினால் கார்டில் தயாரிப்பின்போது பதித்த நிரந்தர மேக் முகவரி வரும். அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வைஃபையில் இது முக்கியம், ஏனென்றால் டெஸ்க்டாப்பில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் வைஃபை தேடும்போது தற்காலிகப் பொய் முகவரியைப் போட்டுக்கொள்ளும். ஐபி கட்டளை காட்டுவது அதுவாக இருக்கலாம்.

முதலில் தற்காலிகமாக

ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும் வழி இது. பழகிப் பார்க்க ஏற்றது. கம்ப்யூட்டருக்கு எதிரில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து செய்தால் முதல் கட்டளையிலேயே நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

சூடோ என்எம்சிஎல்ஐ டிவைஸ் டிஸ்கனெக்ட் இஎன்பி3எஸ்0
சூடோ ஐபி லிங்க் செட் டெவ் இஎன்பி3எஸ்0 டவுன்
சூடோ ஐபி லிங்க் செட் டெவ் இஎன்பி3எஸ்0 நேம் ஃபைபர்0
சூடோ ஐபி லிங்க் செட் டெவ் ஃபைபர்0 அப்

முதல் வரி நெட்வொர்க்மேனேஜர் உள்ள டெஸ்க்டாப்களுக்கு மட்டும். அதை விட்டுவிட்டால், நீங்கள் இறக்கிய இன்டர்ஃபேஸை அது உடனே மறுபடி ஏற்றிவிடக் கூடும். மூன்றாவது வரியில் "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி" என்று பிழை வந்தால், இன்டர்ஃபேஸ் இன்னும் மேலேதான் இருக்கிறது என்று பொருள். கர்னல் 6.2 முதல் ஓடிக்கொண்டிருக்கும் இன்டர்ஃபேஸின் பெயரையும் மாற்றலாம் என்று தளர்த்திவிட்டார்கள்; பள்ளி லேப்டாப்களில் அதைவிடப் பழைய கர்னல் இருக்க வாய்ப்பு அதிகம், ஆகவே இறக்கிவிட்டு மாற்றும் பழக்கமே நல்லது. "ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்" என்று வந்தால் அந்தப் பெயர் வேறொரு கார்டிடம் இருக்கிறது. "நாட் எ வேலிட் இஃப்நேம்" என்றால் 15 எழுத்தைத் தாண்டிவிட்டீர்கள், அல்லது ஆகாத குறி ஏதோ நுழைந்துவிட்டது.

நிரந்தரமாக

/இடிசி/சிஸ்டம்டி/நெட்வொர்க்/ என்ற ஃபோல்டரில் 10-ஃபைபர்.லிங்க் என்று ஒரு ஃபைல் உருவாக்குங்கள். சூடோ நானோ என்று தட்டி, பின்னால் முழுப் பாதையையும் கொடுத்தால் எடிட்டர் திறக்கும். உள்ளே எழுத வேண்டியது:

[மேட்ச்]
பெர்மனென்ட்மேக்அட்ரஸ்=00:11:22:33:44:55

[லிங்க்]
நேம்=ஃபைபர்0

இங்கே பெரிய எழுத்து, சிறிய எழுத்து முக்கியம். மேட்ச், லிங்க், நேம் மூன்றிலும் முதல் எழுத்து பெரியது. மேக் முகவரிச் சொல்லில் பெர்மனென்ட்டின் முதல் எழுத்து, மேக் என்பதன் மூன்று எழுத்து, அட்ரஸின் முதல் எழுத்து ஆகியவை பெரியவை. நடுவில் இடைவெளி கிடையாது. பெர்மனென்ட் என்ற முன்னொட்டு சிஸ்டம்டி 245இல் வந்தது. உபுண்டு 18.04 காலத்துக் கம்ப்யூட்டரில் அது புரியாது. அங்கே வெறும் மேக்அட்ரஸ் என்று எழுதுங்கள். கம்பிவழிக் கார்டுக்கு அதுவே போதும். புதிய கம்ப்யூட்டரிலும் மேக்அட்ரஸ் என்றே எழுதி, அங்கே பிரிட்ஜ் (கார்டுகளை ஒன்றாக இணைப்பது) அல்லது விலேன் இருந்தால் மேட்ச் பகுதியில் டைப்=ஈதர் என்ற வரியையும் சேர்க்கவும். விலேன் தன் தாய்க்கார்டின் மேக் முகவரியையே பயன்படுத்துவதால், வெறும் மேக்அட்ரஸ் விதி அதன் மேலும் பாய்ந்து அதே பெயரைக் கொடுக்கப் பார்க்கும்.

ஃபைல் பெயரில் 10 எதற்கு? யூடெவ் இந்த ஃபைல்களை அகரவரிசையில் படித்து, முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். சிஸ்டம்டியோடு கூடவே வந்த 99-டிஃபால்ட்.லிங்க் கடைசியில் இருக்கும். யுஎஸ்பி கார்டுகளுக்கு மேக் வழிப் பெயர் கொடுக்கும் டெபியன், உபுண்டு விதியின் எண் 73. உங்கள் ஃபைல் இவற்றுக்கு முன் வர வேண்டும். எண்ணில்லாமல் ஃபைபர்.லிங்க் என்று வைத்தால், எழுத்து எண்ணுக்குப் பின்னால் வரிசைப்படுவதால் 99 முந்திவிடும். ஃபைல் இருந்தும் ஒன்றும் நடக்காது. புதியவர்கள் மணிக்கணக்கில் திணறும் இடம் இது. இன்னொன்று, ஃபைல் பெயரின் முடிவு .லிங்க் ஆக இருக்க வேண்டும்; .நெட்வொர்க் என்று முடிந்தால் அது வேறு வேலைக்கான ஃபைல்.

ரீபூட்டுக்கு முன் ஒத்திகை பார்க்கலாம்:

சூடோ யூடெவ்ஏடிஎம் டெஸ்ட்-பில்டின் நெட்_செட்அப்_லிங்க் /சிஸ்/கிளாஸ்/நெட்/இஎன்பி3எஸ்0

வெளிவரும் வரிகளில் லிங்க்_ஃபைல் என்று முடியும் ஒன்று இருக்கும். அதில் உங்கள் 10-ஃபைபர்.லிங்க் தெரிந்தால் விதி பொருந்துகிறது. 99-டிஃபால்ட் தெரிந்தால் மேக் முகவரியையோ எழுத்துப் பிழையையோ தேடுங்கள்.

அடுத்து பலர் தவிர்த்துவிடும் ஒரு கட்டளை: சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ. ஃபெடோராவில் சூடோ டிராகட் -எஃப். கம்ப்யூட்டர் எழும்போது முழு டிஸ்க்கும் திறப்பதற்கு முன் ஓடும் சிறு உலகம் ஒன்று உண்டு. யூடெவ் அங்கேயே வேலையைத் தொடங்கிவிடும், லிங்க் ஃபைல்களின் ஒரு நகலும் அங்கே இருக்கும். புதுப்பிக்காவிட்டால் பழைய நகலின் பெயரோடு இன்டர்ஃபேஸ் வெளியே வந்து குழப்பும்.

இன்னும் ரீபூட் செய்ய வேண்டாம்.

பழைய பெயரை நம்பியிருப்பவர்கள்

டெஸ்க்டாப்பில் முதலில் பார்க்க வேண்டியது நெட்வொர்க்மேனேஜரின் இணைப்புக் குறிப்புகள். நீங்கள் கையால் நிலையான ஐபி கொடுத்திருந்தால் அந்தக் குறிப்பு இஎன்பி3எஸ்0 என்ற பெயரோடு கட்டப்பட்டிருக்கலாம். பெயர் மாறியதும் அது பொருந்தாது. நெட்வொர்க்மேனேஜர் சத்தமில்லாமல் புதிதாக ஓர் இணைப்பை உருவாக்கித் தானாக ஐபி வாங்கிக்கொள்ளும். நெட் வரும். ஆனால் கடைப் பிரிண்டரும் மற்ற கம்ப்யூட்டர்களும் தேடும் பழைய ஐபி இருக்காது. "பேர் மாத்தினேன், பிரிண்டர் போச்சு" என்பதன் பின்னால் இருப்பது இதுதான். மாற்றும் கட்டளை:

சூடோ என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் மாடிஃபை "இணைப்பின் பெயர்" கனெக்ஷன்.இன்டர்ஃபேஸ்-நேம் ஃபைபர்0

இணைப்பின் பெயரை என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் ஷோ காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு இந்தக் கட்டளையால் அறுபடாது. அடுத்த முறை இணையும்போதுதான் மாற்றம் செல்லும். ஆகவே ரீபூட்டுக்கு முன்பே செய்துவிடலாம். கட்டளை வேண்டாம் என்பவர்கள் என்எம்-கனெக்ஷன்-எடிட்டரைத் திறந்து, ஈதர்நெட் தாவலில் டிவைஸ் என்ற கட்டத்தைக் காலி செய்துவிட்டு மேக் முகவரியோடு கட்டிவிடலாம். அப்படிச் செய்தால் இனி எத்தனை முறை பெயர் மாற்றினாலும் இந்தக் குறிப்பு கெடாது. நாங்கள் பரிந்துரைப்பது இந்த வழியை.

சர்வர் வகை டெபியனில் /இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் ஃபைலில் ஆட்டோ, ஐஃபேஸ் என்று தொடங்கும் இரண்டு வரியிலும் பெயரை மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை மறப்பது வழக்கமான தவறு. உபுண்டு சர்வரில் இருப்பது நெட்பிளான். /இடிசி/நெட்பிளான்/ உள்ளே உள்ள யாமல் ஃபைலில் மேட்ச் என்பதன் கீழ் மேக்அட்ரஸ் கொடுத்து, மேட்ச் இருக்கும் அதே மட்டத்தில் செட்-நேம் என்று எழுதினால் பெயர் மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். அப்படியானால் தனி லிங்க் ஃபைல் தேவையில்லை. இரண்டையும் செய்தால் நெட்பிளானும் உள்ளுக்குள் ஒரு லிங்க் ஃபைலைத்தான் உருவாக்கும், அகரவரிசையில் எது முந்துகிறதோ அதன் பேச்சு எடுபடும். யாமலில் டாப் அடிக்கக் கூடாது, ஸ்பேஸ் மட்டும். சூடோ நெட்பிளான் டிரை கொடுத்தால் 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். எஸ்எஸ்எச்சில் வேலை செய்பவருக்கு இது உயிர் காக்கும்.

ஃபயர்வால்தான் பெரிய கண்ணி. ஃபயர்வால் விதிகளை எழுதும் ஐபிடேபிள்ஸ், இல்லாத பெயரையும் எந்தப் பிழையும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். கடைக்குள் நெட்டைப் பகிரும் மாஸ்கரேட் விதியில் "-ஓ இஎன்பி3எஸ்0" என்று எழுதியிருந்தால், பெயர் மாறிய பிறகு அந்த விதி எதற்கும் பொருந்தாமல் சும்மா கிடக்கும். அறிகுறி தெளிவானது: ரவுட்டராக இருக்கும் கம்ப்யூட்டரில் பிரவுசர் நன்றாக ஓடும், சுவிட்சுக்குப் பின்னால் உள்ள ஒன்றிலும் ஓடாது. அதன் புதிய வடிவமான என்எஃப்டேபிள்ஸில் ஐஐஎஃப்நேம் என்று எழுதியிருந்தாலும் இதே மௌனம். ஐஐஎஃப் என்று எழுதியிருந்தால் அது பெயரைப் படிக்கும்போதே உள் எண்ணாக மாற்றப் பார்ப்பதால், அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று விதித்தொகுப்பு முழுவதும் ஏறாமல் நின்றுவிடும். ஃபயர்வால் இல்லாமல் கம்ப்யூட்டர் எழுந்து நிற்பது மௌனத்தைவிட மோசம்.

இவற்றைத் தவிர டிஎன்எஸ்மாஸ்கின் இன்டர்ஃபேஸ்= வரி, ஹாட்ஸ்பாட் ஓட்டும் ஹோஸ்ட்ஏபிடி, வைஃபையில் உள்நுழைவைக் கவனிக்கும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டின் சர்வீஸ் பெயர், சிஸ்சிடிஎல் அமைப்புகள், டேட்டா செலவைக் கணக்கெடுக்கும் விஎன்ஸ்டாட் ஆகியவை பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பவை. விஎன்ஸ்டாட் புதுப் பெயருக்குப் புதுக் கணக்கு தொடங்கும், பழைய மாதக் கணக்கு தனியே நிற்கும். எல்லாவற்றையும் நினைவில் வைக்கத் தேவையில்லை:

சூடோ கிரெப் -ஆர் இஎன்பி3எஸ்0 /இடிசி

என்ற ஒரே தேடல் பெரும்பாலானவற்றைக் காட்டிக்கொடுக்கும். நீங்களாக எழுதி ஹோம் ஃபோல்டரில் வைத்திருக்கும் ஸ்கிரிப்ட்களையும் இதேபோல் தேடுங்கள். வந்த ஒவ்வொரு ஃபைலிலும் திருத்திய பிறகு ரீபூட். எழுந்ததும் ஐபி -பிஆர் லிங்க் தட்டினால் ஃபைபர்0 தெரிய வேண்டும். சூடோ டிஎம்இஎஸ்ஜி மறுபடி பார்த்தால் இப்போது "ஃபைபர்0: இடிஎச்0 இலிருந்து பெயர் மாற்றப்பட்டது" என்று இருக்கும்.

போனும் பள்ளி ஆய்வகமும்: மேக் முகவரி உதவாத இரண்டு இடங்கள்

ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் டெதரிங் செய்யும்போது அது காட்டும் மேக் முகவரி பெரும்பாலும் போன் தானாக உருவாக்கிக்கொள்வது. ஒவ்வொரு முறையும் மாறலாம். அதை விதியில் எழுதினால் நாளைக்கே பொருந்தாது. இப்படிப்பட்ட முகவரியோடு வரும் இன்டர்ஃபேஸுக்குப் பெயரும் பெரும்பாலும் யுஎஸ்பி போர்ட்டை வைத்து இஎன்பி0எஸ்20எஃப்0யூ2 போல அமையும். வேறு போர்ட்டில் செருகினால் கடைசி எண் மாறும். டிரைவரை வைத்துப் பொருத்துவதுதான் வழி. மேட்ச் பகுதியில் டிரைவர்=ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட் என்றும், லிங்க் பகுதியில் நேம்=போன்0 என்றும் எழுதினால், எந்த போர்ட்டில் செருகினாலும் போன்0 தான். சில புதிய போன்கள் சிடிசி_என்சிஎம் டிரைவரைப் பயன்படுத்தும், ஐபோனுக்கு ஐபிஇடிஎச். டெதரிங் போட்ட நிலையில் இடிஹெச்டூல் -ஐ கட்டளை டிரைவர் பெயரைச் சொல்லும். ஒரே நேரத்தில் இரண்டு போனைச் செருகினால் இரண்டாவது போன்0 ஆக முடியாமல் பழைய பெயரில் நிற்கும்.

பள்ளி ஆய்வகச் சிக்கல் இதற்கு நேர்மாறு. ஒரு கம்ப்யூட்டரில் எல்லாம் சரிசெய்து, டிஸ்க்கை நகலெடுத்து மற்றவற்றில் போடுவார்கள். விதியில் முதல் கம்ப்யூட்டரின் மேக் முகவரி இருப்பதால் மற்றவற்றில் பெயர் மாறாது. அனைத்தும் ஒரே மாடல் என்றால் பாதையை வைத்துப் பொருத்தலாம். யூடெவ்ஏடிஎம் இன்ஃபோ /சிஸ்/கிளாஸ்/நெட்/இஎன்பி3எஸ்0 என்று தட்டினால் ஐடி_பாத் என்ற வரியில் பிசிஐ-0000:03:00.0 போல ஒரு மதிப்பு வரும்; அதை மேட்ச் பகுதியில் பாத்= என்று எழுதுங்கள். ஒரே மாடலில் அது எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒன்றாகவே இருக்கும், யாராவது ஒன்றில் கூடுதல் கார்டு செருகும் வரை. "டைப்=ஈதர் என்று மட்டும் எழுதினால் எல்லாவற்றுக்கும் பொருந்துமே" என்று தோன்றும். பொருந்தும், இரண்டாவது கார்டு வரும் நாள் வரை.

பழைய இடிஎச்0 தான் வேண்டும் என்பவர்களுக்கு

உரிமம் தேடும் பழைய மென்பொருளுக்காக இடிஎச்0 கட்டாயம் என்றால், லிங்க் ஃபைலில் அந்தப் பெயரை எழுதாமல், பெயர் மாற்றும் ஏற்பாட்டையே நிறுத்திவிடுவது பாதுகாப்பு. /இடிசி/டிஃபால்ட்/கிரப் ஃபைலில் கர்னலுக்குப் போகும் வரியின் மேற்கோள்குறிக்குள் நெட்.இஃப்நேம்ஸ்=0 பயாஸ்டெவ்நேம்=0 என்று சேர்த்து, சூடோ அப்டேட்-கிரப் தட்டி ரீபூட் செய்ய வேண்டும். ஒரே கார்டு உள்ள கம்ப்யூட்டரில் மட்டும் செய்யுங்கள். இரண்டு கார்டு இருந்தால் 2013க்கு முந்தைய அதே வரிசைக் குழப்பத்துக்குத் திரும்பிப் போகிறீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் 70-பெர்சிஸ்டென்ட்-நெட்.ரூல்ஸ் என்ற ஃபைலைத் திருத்தச் சொல்லும். இன்றைய உபுண்டு, டெபியனில் அந்த ஃபைலை யாரும் தானாக உருவாக்குவதில்லை. யூடெவ் விதியாகவே எழுத விரும்பினால் எழுதலாம், ஆனால் அதில் மேக் முகவரியைச் சிற்றெழுத்தில்தான் கொடுக்க வேண்டும். கார்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துப் பெரிய எழுத்தில் தட்டினால் பொருந்தாது. லிங்க் ஃபைலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் சிக்கலாகி, நெட் இல்லாமல் நின்றுவிட்டால் திரும்பும் வழி குறுகியதுதான்: 10-ஃபைபர்.லிங்க் ஃபைலை அழித்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி புதுப்பித்து, ரீபூட். இஎன்பி3எஸ்0 வந்துவிடும். நெட்வொர்க்மேனேஜர் குறிப்பை மேக் முகவரியோடு கட்டியிருந்தால் அங்கே தொட வேண்டியதில்லை. பெயரோடு கட்டியிருந்தால் அதையும், ஃபயர்வாலில் மாற்றிய வரிகளையும் பழையபடி திருத்த வேண்டும். திருத்தும் முன் ஒவ்வொரு ஃபைலையும் சிபி கட்டளையால் .பழையது என்று ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் இது ஐந்து நிமிட வேலை. லிங்க் ஃபோல்டரிலும் நெட்பிளான் ஃபோல்டரிலும் அந்த நகல்களுக்கு .லிங்க், .யாமல் என்ற முடிவு மட்டும் இருக்கக் கூடாது. இருந்தால் அவற்றையும் சேர்த்துப் படித்துவிடும்.